செப்ரிமசின் நோயும் மருத்துவரின் அளவுகோலும்

உடற்பிணியை அறிவதற்குக் கண்ணும் கையும் பெரிதும் துணை நிற்கும். காய்ச்சலைத் தொட்டறியலாம், புண்ணைக் கண்டறியலாம். உள்ளத்திற் பட்ட புண்ணுக்கோ அத்தகைய நேர்ச்சான்று இல்லை. நோயுற்றவன் சொல்வது, சொல்லாமல் விடுவது, அவனுடைய நடை, முகம், ஊண், உறக்கம் என்பனவே ஆண்டுச் சான்றாகும். இவற்றைக் குணங்குறிகளாக வகுத்து, முன்னரே எழுதி வைக்கப்பெற்ற அளவைகளோடு ஒப்புநோக்கி, நோய் இன்னதெனத் துணிவதே உளமருத்துவத்தின் நோய்நிர்ணய முறை.

அகத்தே நிகழ்வதைப் புறத்தே தோன்றும் குறிகொண்டு அறியும் முயற்சி தமிழுக்குப் புதியதன்று. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைக் கூறி, ஒவ்வொன்றுக்கும் நந்நான்கு நிலைக்களன்களை வகுத்துள்ளது. அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன களன்கள். எனவே கண்ணீரைக் கண்டமட்டில் அதன் பொருள் விளங்கிவிடாது. அஃது எக்களத்திற் பிறந்தது என்று வினவுதலும் வேண்டும். குறியை அளவையோடு பொருத்த முற்படும் மருத்துவருக்கும் இவ்வினா இன்றியமையாதது. அதனைக் கேளாது விடுவதால் விளையும் கேட்டினை ஆங்கில நாவலொன்று விரிவாகக் காட்டுகின்றது. வேர்ஜினியா வுல்வ் எழுதி 1925ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளியிட்ட ‘திருமதி டலோவே’ என்பதே அந்நாவல்.

இந்நூலாசிரியரின் கணவர் லியனாட் வுல்வ் இலங்கை வாசகர்க்கு அறிமுகமானவர். 1904 முதல் 1911 வரை இலங்கைச் சிவில் சேவையிற் பணியாற்றிய அவர், அதன் முதற் பகுதியை யாழ்ப்பாணத்திற் கழித்தார். அவரும் மனைவியாரும் நடத்திய ஹோகார்த் அச்சகமே இந்நாவலை வெளியிட்டது. 1923ஆம் ஆண்டு யூன் மாதத்து ஒரு நாளில் இலண்டன் மாநகரில் நிகழ்வனவே கதை. அன்று மாலை விருந்தொன்றுக்கு ஆயத்தஞ் செய்யும் கிளரிசா டலோவே என்னும் செல்வச் சீமாட்டி ஒருபுறம்; போரிலிருந்து மீண்டு உள்ளம் சிதைந்த செப்ரிமஸ் உவாரன் சிமித் என்னும் இளைஞன் மறுபுறம். இருவரும் ஒருவரை ஒருவர் சந்திப்பதேயில்லை. எனினும் செப்ரிமஸ் கிளரிசாவின் இணைநிழலாகப் படைக்கப்பட்டவன் என்று ஆசிரியரே 1928இல் வெளிவந்த பதிப்பொன்றின் முன்னுரையிற் குறிப்பிட்டுள்ளார்.

செப்ரிமசின் வரலாறு சுருக்கமானது. சேக்ஸ்பியரைக் காதலித்த எழுத்தன் அவன். போர் மூண்டபோது முதலில் முன்வந்தோருள் ஒருவனாகப் படையிற் சேர்ந்தான். அங்கே இவன்சு என்னும் மேலதிகாரி அவனுக்கு உற்ற நண்பனானான். போர்நிறுத்தத்துக்குச் சற்று முன் இவன்சு இத்தாலியில் மாண்டான். செப்ரிமஸ் அப்பொழுது அழவில்லை. தான் பெரிதும் கலங்காதிருந்ததை எண்ணித் தன்னையே மெச்சிக்கொண்டான். பின்னர் மிலான் நகரில் ஒரு மாலைப் பொழுதில், தன்னால் எதனையும் உணர முடியவில்லை என்னும் திகில் அவனைப் பற்றிக்கொண்டது. அந்தத் திகிலினின்றும் தப்புவான் வேண்டியே, தொப்பி செய்யும் தொழிலிலிருந்த லுக்கிரீசியாவை மணம்பேசி முடித்தான். கதை தொடங்கும்போது, இறந்த இவன்சைக் காண்பவனாகவும், பறவைகள் கிரேக்க மொழியிற் பாடக் கேட்பவனாகவும், தன்னை மாய்த்துக்கொள்ளப் போவதாகக் கூறுபவனாகவும் அவன் இருக்கின்றான்.

இன்றைய வாசகர் இவனைக் கண்டவுடன் நோயின் பெயரைக் கூறிவிடுவர். நெருக்கீட்டின் பின்னான மனவடு நோய் என்பது அப்பெயர். நாவல் எழுதப்பெற்ற காலத்தில் அப்பெயர் இருக்கவில்லை. 1915இல் சாள்ஸ் மயேர்ஸ் என்னும் மருத்துவர் ‘லான்செற்’ இதழில் எழுதிய கட்டுரையின் வாயிலாக ‘எறிகணை அதிர்ச்சி’ என்ற தொடர் மருத்துவ எழுத்தில் இடம்பெற்றது. 1917இல் பிரித்தானியப் படையதிகாரிகள் அத்தொடரின் வழக்கைக் கட்டுப்படுத்தி, ‘இன்னும் நிர்ணயிக்கப்படாத நரம்பு நோய்’ என்று குறிக்குமாறு பணித்தனர். இப்பொருள் பற்றி ஆராய்ந்த அரசாங்கக் குழுவின் அறிக்கை 1922இல் வெளிவந்தது. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய்நிர்ணயக் கையேடு 1952இல் ‘பெருநெருக்கீட்டு எதிர்வினை’ என ஒரு வகையைத் தந்தது. 1968இல் வந்த இரண்டாம் பதிப்பு அதனை நீக்கியது. வியட்நாம் போரிலிருந்து மீண்டோரின் துயர் பலராலும் எடுத்துரைக்கப்பட்டபின், 1980இல் மூன்றாம் பதிப்பு இன்று வழங்கும் பெயரை ஏற்றது. நோயாளியின் துன்பம் அதே துன்பமாக இருக்க, அதனை ஏற்கும் ஏடு மட்டும் திறந்தும் மூடியும் வந்தமையை இவ்வரலாறு காட்டும். அளவைகள் தேவையற்றவை என்று வாதிடுவோர் இதனை மறத்தல் ஆகாது. பெயர் இல்லாத காலத்தில் நடுங்கிய போர்வீரன் கோழையெனப்பட்டான். பெயர் வந்தபின்னரே அவன் நோயாளி என்னும் உரிமையைப் பெற்றான்.

2013இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பின்படி, முதலாவதாக, உயிர்க்கேடு, கொடுங்காயம், பாலியல் வன்முறை ஆகியவற்றுள் ஒன்றுக்கு ஒருவர் ஆட்பட்டிருத்தல் வேண்டும். அல்லது அதனை நேரிற் கண்டோ, நெருங்கியவர்க்கு நேர்ந்ததாக அறிந்தோ இருத்தல் வேண்டும். அதன்மேல் 20 குணங்குறிகள் நான்கு தொகுதிகளாக வகுக்கப்பட்டுள்ளன. வலிந்து புகும் நினைவுகள் ஐந்து, தவிர்த்தல் இரண்டு, எண்ணத்திலும் மனநிலையிலும் ஏற்படும் கேடுகள் ஏழு, மிகைவிழிப்பு ஆறு. முதலிரு தொகுதிகளில் ஒவ்வொன்றும், பின்னிரு தொகுதிகளில் இவ்விரண்டும் குறைந்தளவு காணப்படல் வேண்டும். அவை ஒரு மாதத்திற்கு மேல் நீடித்து வாழ்வைக் குலைத்தலும், குடி, மருந்து, வேற்று உடல்நோய் ஆகியவற்றால் விளையாதிருத்தலும் வேண்டும். 3 நாள் முதல் 1 மாதம் வரை நிற்பது கடும் நெருக்கீட்டு நோய் எனப்படும்.

செப்ரிமசை இவ்வளவைகளோடு பொருத்திப் பார்த்தால் முதலிற் பெரும்பொருத்தம் தோன்றும். எறிகணைகளின் நடுவே நின்றமையால் நிகழ்ச்சி பற்றிய அளவை நிறைவேறுகின்றது. மரங்களிடையே இவன்சு வருகின்றான். சாம்பல்நிற உடையணிந்து பூங்காவில் நடக்கும் வேறொருவரையே அவன் இவன்சாகக் கொள்கின்றான். வலிந்து புகும் நினைவுக்கு இது சான்று. மூன்றாம் தொகுதிக்குச் சான்றுகள் மிகப் பல. மனைவி அழும்போது அவனால் ஒன்றும் உணர முடியவில்லை. உணவிற் சுவை அற்றது. முன்பு உயிர்போற் போற்றிய சேக்ஸ்பியரில் இப்பொழுது மனிதகுல வெறுப்பையே காண்கின்றான். தான் பெருங்குற்றம் புரிந்தவன் என்ற எண்ணம் அவனை நீங்குவதில்லை. சிறப்பாக மாலை வேளைகளில் இடிபோல வந்து விழும் அச்சமும் உண்டு. போர் முடிந்து ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் சென்றுவிட்டமையால் கால அளவை பற்றிய ஐயமும் இல்லை.

ஆயினும் பொருத்தத்தை நுணுகி நோக்குவோர்க்கு இடர்ப்பாடுகள் தோன்றும். அவற்றுள் முதலாவது திடுக்கிடல். நாவலின் தொடக்கத்தில் பொண்ட் வீதியில் ஒரு மோட்டார் வண்டி வெடியோசை எழுப்புகின்றது. ஓசை கேட்டுத் துள்ளுபவள் பூக்கடையுள் நிற்கும் கிளரிசா. போரைக் கண்டவனாகிய செப்ரிமசோ நகர இயலாது நின்றுவிடுகின்றான். உலகம் சாட்டையை ஓங்கிவிட்டது, அஃது எங்கே விழுமோ என்பதே அவன் எண்ணம். வீதியில் நின்று குறிகளை மட்டும் எண்ணும் ஒருவர், திடுக்கிட்டவள் கிளரிசா என்றே எழுதியிருப்பார். புறக்குறி ஒருவரிடமும் நோய் மற்றொருவரிடமும் இருத்தல் கூடும் என்பதை ஆசிரியர் யாதொரு விளக்கமுமின்றி இக்காட்சியாற் புலப்படுத்திவிடுகின்றார்.

இரண்டாவது இடர்ப்பாடு தவிர்த்தல் என்னும் தொகுதியில் எழுவது. அவன் இவன்சை மறக்க முயல்பவன் அல்லன், அவனோடு உரையாடுகின்றான். போரில் திறம்படப் பணியாற்றினீரா என மருத்துவர் கேட்டபோது, போரைப் பள்ளிச் சிறுவரின் வெடிமருந்து விளையாட்டாக நினைந்து, தான் அதனை மறந்துவிட்டதாகவே எண்ணுகின்றான். இது தவிர்த்தலா, மறதியா, இகழ்ச்சியா? மூன்றும் வெவ்வேறு கட்டங்களில் எழுதப்பட வேண்டியவை. எக்கட்டம் உரியது என்பதை அவ்வொரு மறுமொழியைக் கொண்டு துணிதல் இயலாது.

மூன்றாவது, அளவைகளுக்கு வெளியே எஞ்சி நிற்பது. கிரேக்கம் பாடும் பறவைகள், வானில் புகையால் எழுதும் விமானம் தனக்கே செய்தி விடுக்கின்றது என்னும் துணிவு, மனிதகுலத்துக்குப் பேருண்மை ஒன்றை அறிவிக்கத் தான் தெரிந்தெடுக்கப்பட்டவன் என்னும் நம்பிக்கை ஆகியவற்றை மனவடு நோயின் 20 குறிகளுள் அடக்க முடியாது. இவை உளச்சிதைவு முதலிய வேறு நோய்களையும் கருதத் தூண்டுவன. பறவைகள் கிரேக்கம் பாடக் கேட்டமை, 1904இல் தந்தையார் இறந்தபின் நோயுற்ற காலத்தில் ஆசிரியர்க்கே நேர்ந்த அனுபவம் என்பதும் அறியப்பட்டது. ஆதலின் செப்ரிமஸ் போர்நோய் ஒன்றுக்கே எடுத்துக்காட்டாக வரையப்பட்டவன் அல்லன். நோயின் பெயரை அவன்மேல் ஒட்டிவிட்டு நாவலை மூடிவிடும் திறனாய்வு, நாவலிற் பாதியைப் படியாது விடுகின்றது.

அளவைகள் எத்துணை அகன்ற வலை என்பதனை ஒரு கணக்கால் விளக்கலாம். ஐந்திலிருந்து ஒன்றேனும் கொள்ளும் வழிகள் 31. இரண்டிலிருந்து ஒன்றேனும் கொள்ளும் வழிகள் 3. ஏழிலிருந்து இரண்டேனும் கொள்ளும் வழிகள் 120. ஆறிலிருந்து இரண்டேனும் கொள்ளும் வழிகள் 57. இவற்றைப் பெருக்கினால் 6,36,120 வரும். இத்தனை வகையாக ஒருவர் அந்நோயை உடையவர் ஆகலாம் என 2013இல் கலாற்சர்-லீவி, பிறையன்ற் என்னும் ஆய்வாளர் இருவர் எடுத்துக்காட்டினர். ஒரு குறியேனும் தம்முட் பொதுவாக இல்லாத இருவர் ஒரே பெயருடைய நோயைப் பெறுதலும் கணக்கின்படி கூடும். உலக சுகாதார தாபனத்தின் 11ஆம் பதிப்பு வகுப்போ வேறொரு வழியை மேற்கொண்டது. மீள அனுபவித்தல், தவிர்த்தல், இடர் இப்பொழுதும் உளதென உணர்தல் என்னும் மூன்றையே அது கருவாகக் கொண்டது. குற்றவுணர்வோடு கூடிய தன்னிழிப்பைச் சிக்கலான மனவடு நோய் என்ற தனிவகையுள் அமைத்தது. செப்ரிமசின் தலையாய முறைப்பாடு ஓர் ஏட்டில் பொதுவகையினுள்ளும் மற்றோர் ஏட்டில் தனிவகையினுள்ளும் போய் அமர்கின்றது. ஏடுகள் பயனற்றவை என்பது இதனாற் போதராது. ஏட்டின் பிரிவுகள் மனிதர் வகுத்தவை என்பதும், அவற்றைக் கையாள்வோர் அதனை நினைவிற் கொள்ளல் வேண்டும் என்பதுமே போதரும்.

நாவலில் வரும் மருத்துவர் இருவரையும் இவ்விடத்தில் நோக்குதல் தகும். டொக்டர் ஹோம்ஸ் பொது மருத்துவர். தலைநோ, உறக்கமின்மை, அச்சம், கனவு என்னும் நான்கும் அவர் செவிக்கு எட்டியுள்ளன. இவை இன்றைய எந்த மருத்துவரையும் நிறுத்தி வினவச் செய்வன. ஹோம்சோ அவை வெறும் நரம்புக் குறிகள் என ஒதுக்கி, நோய் ஒன்றுமில்லை என்று முடித்து, புறப்பொருள்களில் நாட்டம் கொள்ளுமாறு புத்தி கூறுகின்றார். குறிகளின் பட்டியல் கையில் இருந்தும் பயன்படாமைக்கு இவர் சான்று.

சேர் வில்லியம் பிராட்சோ வேறு வகையினர். அவர் ஹோம்சைப் போலப் பிழை செய்யவில்லை. செப்ரிமஸ் அறையுட் புகுந்த இரண்டு மூன்று நிமிடங்களில் நோய் மிகக் கடுமையானது என்பதனைக் கண்டுகொள்கின்றார். அந்த முடிவு சரியானதே. தற்கொலை அச்சம் உண்டு என்பதும் அவருக்குத் தெரியும். அவ்வாறாயின் அவருடைய குறை யாது? ‘போர்’ என்ற சொல்லை நோயாளி வினாவாகத் திருப்பிச் சொல்கின்றான். சொற்களுக்குக் குறியீட்டுப் பொருள் கற்பிக்கின்றான் என அதனைத் தம் அட்டையிற் குறித்துக்கொள்கின்றார் மருத்துவர். மருத்துவர் குறிக்கும் குணங்குறி அங்கு உண்டு. ஆனால் போர் என்பது யாது என ஒரு போர்வீரன் வினவும்பொழுது அஃது உண்மையான வினாவாகவும் இருக்கலாம். அட்டை அதனை விழுங்கிவிடுகின்றது. சற்றுப் பின்னர் செப்ரிமஸ் தன் குற்றத்தைச் சொல்லிவிட்டால் விடுதலை கிடைக்குமோ என எண்ணி, ‘நான், நான்’ எனத் தடுமாறுகின்றான். மருத்துவர் ஊக்குகின்றார், ஆனால் நேரம் போய்க்கொண்டிருக்கின்றது. ஒருவருக்கு முக்கால் மணி என்பது அவருடைய நியதி. வாக்கியம் முடியவில்லை. தன்னைப் பற்றி இயன்றவரை குறைவாக நினைக்குமாறு அறிவுரை கூறி அனுப்பிவிடுகின்றார்.

இஃது அக்காலத்து மருத்துவம் முழுவதற்கும் உரிய குறை என்று கூறுதல் பொருந்தாது. கிறெயிக்லொக்கார்ட் மருத்துவமனையில் போர்வீரர்க்கு மருத்துவம் செய்த றிவேர்ஸ், போர் அனுபவத்தை மறக்குமாறு வற்புறுத்துவதே நோயை வளர்க்கின்றது என 1917இல் ஆற்றிய உரையொன்றில் எடுத்துரைத்தார். சொல்ல முடியாததைச் சொல்லுவதற்குத் துணைநிற்கும் மருத்துவம் அன்றே தோன்றியிருந்தது. பிராட்சோ அவ்வழியிற் செல்லவில்லை.

செப்ரிமசின் முடிவுறாத வாக்கியத்தில் அவன் நோயின் உட்பொருள் அடங்கியுள்ளது. நேர்மறையான உணர்ச்சிகளை உணரவியலாமை ஐந்தாம் பதிப்பில் ஒரு குணங்குறி. மருத்துவர் நோக்கில் அது நோயின் விளைவு; எனவே பொறுப்பற்றது, மன்னிக்கத்தக்கது. செப்ரிமசுக்கோ அதுவே குற்றம். நண்பன் இறந்தபோது உணராதிருந்தமைக்காக மனித இயல்பு தனக்கு மரணதண்டனை விதித்துவிட்டதாக அவன் கருதுகின்றான். ஒரே செய்தி ஒருவருக்குக் குறி, மற்றவருக்குப் பழி. குறியென்று காட்டிப் பழியுணர்வை நீக்குவதே நோய்நிர்ணயம் செய்யக்கூடிய பெருநன்மை. அது குறியென அவனிடம் எவரும் சொல்லவில்லை. பழியென அவன் கொண்டிருப்பதை எவரும் கேட்கவுமில்லை. முதலிற் கேட்டிருந்தாலன்றிச் சொல்வதற்கும் இடமில்லை.

நாவலின் குறையொன்றும் ஈண்டுச் சுட்டத்தக்கது. பிராட்சோவின் ‘அளவறிவு’ என்னும் கொள்கையை எள்ளும் நீண்ட பகுதியில், பாத்திரங்களை விடுத்து ஆசிரியரே முன்வந்து கடிந்துரைக்கின்றார். 1913 முதல் நோயின்போது ஓய்வு மருத்துவத்தாற் பட்ட துன்பம் அதற்குக் காரணமாகலாம். எனினும் கதையினுள் அது கட்டுரையாகவே நிற்கின்றது. அந்தக் கடுஞ்சொற்களைவிட வலிமை வாய்ந்தது பின்னர் வரும் சிறு நிகழ்ச்சி. அன்றிரவு விருந்துக்கு வந்த பிராட்சோ, எறிகணை அதிர்ச்சியின் காலந்தாழ்ந்த விளைவுகளுக்குச் சட்டமூலத்தில் இடம் வேண்டும் எனக் கிளரிசாவின் கணவரோடு உரையாடுகின்றார். நல்ல நோக்கம், நோய்வகையை அவர் நன்கறிவார். அவ்வகையினுள் அடங்கிய ஒருவனையோ அன்று மாலையே இழந்துவிட்டார். ஹோம்ஸ் மாடிப்படி ஏறி வருவதைக் கண்டு, செப்ரிமஸ் சாளரத்தினின்றும் குதித்து மாண்டான்.

அதற்கு முந்திய அரைமணி நேரம் நாவலின் மிக அரிய பகுதி. லுக்கிரீசியா அயலவளின் மகளுக்குத் தொப்பியொன்று தைக்கின்றாள். செப்ரிமஸ் பூவையும் நாடாவையும் எடுத்து இணைத்து அழகு பார்க்கின்றான், பகடி பேசுகின்றான், இருவரும் சிரிக்கின்றனர். அவனால் உணர முடிகின்றது. எந்த அளவையிலும் இதற்கு ஒரு கட்டம் இல்லை. முக்கால் மணி நேரச் சந்திப்பில் இது தோன்றியிருக்கவும் முடியாது. ஆயினும் மருத்துவத்துக்குப் பற்றுக்கோடாகக்கூடியது இதுவே. நோயாளியை வீட்டினின்றும் பிரித்துத் தனியில்லத்துக்கு அனுப்பும் ஆணை, இந்தப் பற்றுக்கோட்டையே அறுத்துவிட இருந்தது.

1983 முதல் 2009 வரை நிகழ்ந்த போரையும் 2004ஆம் ஆண்டுக் கடற்கோளையும் கண்ட இலங்கையில் இப்பொருள் ஏட்டளவில் நிற்பதன்று. யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், ஈழத்தமிழர் உள்ளத்தில் போர் விளைத்த வடுக்களைப் பற்றி 1998இல் ஆங்கில நூலொன்று வெளியிட்டார். தனியாள் நோய் என்ற எல்லையைக் கடந்து குடும்பமும் சமூகமும் கூட்டாகப் படும் வடுவையும் ஆராயவேண்டும் எனப் பின்னர் வலியுறுத்தினார். இங்கே துணைநாடி வருபவர் பெரும்பாலும் நெஞ்சிடி, தலையிடி, உடல்நோ, பெருமூச்சு என்றே தம் துயரைத் தொடங்குவர். மேலே கூறிய 20 குறிகளுள் பெருமூச்சு இல்லை. அதனை இடமில்லாத குறியென விட்டுவிடும் உளவளத்துணையாளர் பிராட்சோவின் அட்டையையே கையில் வைத்திருப்பவர் ஆவார். பெருமூச்சு யாரை நினைந்து எழுந்தது எனக் கேட்பவர்க்கு, 20 குறிகளுள் உரியவை தாமாகவே வெளிப்படும். ஐந்தாம் பதிப்பும் பண்பாட்டு நோக்கில் கேட்கவேண்டிய 16 வினாக்களைத் தந்து, நோயாளி தன் துன்பத்தைத் தன் சொல்லிற் கூறுமாறு முதலிற் கேட்கச் சொல்லுகின்றது.

திருக்குறள் மருந்து என்னும் அதிகாரத்தில் மருத்துவன் கருதவேண்டியவற்றை வரிசைப்படுத்துமிடத்து, நோயுற்றவனின் அளவை முன்வைத்து நோயின் அளவையும் காலத்தையும் அதன்பின் வைக்கின்றது. பிராட்சோ நோயின் அளவை அறிந்தார். காலத்தைத் தம் கடிகாரத்தால் அறிந்தார். நோயுற்றவனின் அளவை அறிய முற்படவில்லை. குணங்குறிகளை அளவையோடு பொருத்துதல் பிழையன்று. அவ்வாறு பொருத்தாத ஹோம்சும் அவனைக் காக்கவில்லை. நோயுற்றவன் தொடங்கிய வாக்கியத்தை முடிக்கவிட்டு, அதன்பின் ஏட்டைத் திறத்தலே முறை. நோய்நிர்ணய நூல்கள் பல பதிப்புகள் கண்ட பின்னும் ‘திருமதி டலோவே’ மருத்துவராலும் இலக்கிய மாணவராலும் ஒருங்கே கற்கத்தக்கதாய் நிலைபெற்றிருத்தற்கு, இம்முறை வழுவியமையால் ஓருயிர் நீங்கியதை அது காட்டுதலே காரணமாகும்.